மேற்குச் சுவரில் ஓதம்

ஈரம் ஒரு வீட்டுக்குள் நான்கு வழியாக வரும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கூரையிலிருந்து இறங்கும். தரையிலிருந்து ஏறும். வெளிச்சுவரில் சாரல் பட்டு உள்ளே ஊறும். நான்காவதாக, வீட்டில் இருப்பவர்களே அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். சென்னையில் சுகாதாரப் பயிற்சி முடித்து ஜலகண்டாபுரத்துக்கு வேலைக்கு வந்தபோது இந்த நான்கையும் விரல்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியும். நான்கும் ஒரே அறையில் குடியிருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிப்பது என் வேலை. ஊரில் எல்லோரும் நர்சம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மேட்டூரில் அணை எழும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் அது ஒன்றையும் மாற்றவில்லை. காலையில் தறிச் சத்தம் தொடங்கினால் பொழுது சாயும்வரை அதுதான்.

நான் தங்கியிருந்ததும் ஒரு நெசவாளர் வீட்டில். மண்சுவர், நாட்டு ஓடு. நடுவில் தறி போட்ட கூடம். தெருவைப் பார்த்த சின்ன அறை எனக்கு. கூடத்துக்கு மறுபுறம், புழக்கடையை ஒட்டி மேற்கே இன்னொரு அறை. வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேர்தான். அவரை நான் அண்ணன் என்பேன், அந்த அம்மாளை அக்கா என்பேன். ஒரே பெண். அவளை இளம்பிள்ளையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் போன ஆடியில் அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதில் எந்த வீட்டிலும் பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பக்கத்தில் பெண்ணின் தாய் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவாள். எல்லோருக்கும் போட்டுவிட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு வருவாள். அக்காவும் ஐப்பசியில் போவதாக இருந்தாள். எத்தனை வகைச் சோறு என்பதுகூட முடிவாகியிருந்தது. அந்தச் சமயத்தில் இளம்பிள்ளையிலிருந்து சம்பந்தியம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். மழைக்காலத்தில் அந்த வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டாளாம். பிரசவம் இளம்பிள்ளையிலேயே நடக்கட்டுமாம்.

காரணம் மேற்கு அறை. போன வருட மழையில் சம்பந்தியம்மாள் அங்கே ஒரு நாள் படுத்திருந்தாள். அதைப் பற்றி அவள் இளம்பிள்ளை முழுக்கச் சொல்லியிருந்தது வார்த்தை மாறாமல் இங்கே வந்து சேர்ந்தது: "ஒரு ராத்திரிதானுங்க படுத்தேன். விடிஞ்சு பாத்தா சுருக்குப் பையில இருந்த பாக்குக்கு மீசை மொளைச்சிருக்குது."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாக்கைச் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. எம் புள்ள மொத வலிக்கு ஆத்தான்னு கத்தறப்ப நான் அங்க இருக்கோணுமல்லங்க. இளம்பிள்ளைக்குப் போயி சம்மந்தி ஊட்டு வாசல்ல எத்தனை நாளைக்கு உக்காந்திருக்கறது?"

நான் என் அறையைக் கொடுக்கிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. தெருப் பார்த்த அறையில் பிள்ளை பெறுவதாவது. நூல்காரனும் எண்ணெய்க்காரியும் வந்து நிற்கிற இடம் அது. மேற்கு அறைதான் இருக்கிறது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும். அவள் மழைக்காலத்துக்கு முன்பே சரிசெய்யத் தொடங்கியும் இருந்தாள். அதுதான் சங்கடம்.

மறுநாள் அந்த அறையை நன்றாகப் பார்த்தேன். ஓட்டின் இறவாரம் குட்டை. மழைத்தண்ணீர் சுவரின் காலடியிலேயே விழுந்து தெறித்தது. புழக்கடையில் வருடக்கணக்காகக் கொட்டிய சாம்பலும் மண்ணும் சுவரோடு சாய்ந்து உள்தரையைவிட உயரமாகிக் கிடந்தன. சன்னல் என்று இருந்தது ஒரு தலையணை அளவுப் பொந்து. மழை நாளில் நனைந்த துணியெல்லாம் அந்த அறைக் கொடியில்தான். மண் சுவர் இடுப்பு உயரம்வரை கறுத்து, மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. மூலையில் பழைய பாய் ஒன்றைத் தூக்கினேன். அடியில் அது தனியாக ஒரு தோட்டம் போட்டிருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் மெழுகல். சம்பந்தியம்மாளின் பேச்சு வந்த நாள் முதல் அந்த அறையைத் தினமும் சாணி கரைத்து மெழுகினாள். தரையோடு விடவில்லை, எட்டிய உயரம்வரை சுவரையும். பூசணம் தெரிந்த இடத்தில் இன்னும் ஒரு கை கூட. காய்வதற்குள் அடுத்த மெழுகல். மகளுக்காக எவ்வளவு பாடுபட்டாளோ அவ்வளவு ஈரத்தை அவளே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மெழுகுவதை நிறுத்தணும்," என்றேன்.

"நிறுத்தறதுங்களா? மெழுகாத ஊட்டுக்கா எம் புள்ளையக் கூட்டியாறது?"

"காயற வரைக்கும்தான்."

"சரிங்க அம்மிணி," என்றாள், மிக எளிதாக.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் போய்ப் பார்த்தால் தரை பளபளவென்று நனைந்திருந்தது.

"பூனை தண்ணியக் கொட்டிருச்சுங்க," என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

"சாணியையும் பூனையே கரைச்சுதா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று முதல் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். வாசலும் கூடமும் என் அறையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மெழுகலாம். மேற்கு அறை மட்டும் என் பொறுப்பு. அந்த மாதம் என் அறைத் தரையில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

இன்னொரு வழி மிச்சமிருந்தது. மேற்கு அறைக்கும் தறிக்குழிக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். அந்தக் குழியில் அண்ணன் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் தெளிப்பார். கூடத்துச் சன்னலைத் திறக்கவே விடமாட்டார். ஒரு நாள் அவர் இல்லாத நேரம் நான் திறந்து வைத்திருந்தேன். அவர் வந்து உட்கார்ந்து நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலு தடவை ஓட்டியதும் பாவில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலில், ஓர் இழை அறுந்தது. முடிந்துவிட்டு ஓட்டினார். மறுபடி அறுந்தது.

"நர்சம்மிணி, பருத்தி நூலுக்கு வறண்ட காத்து ஆகாதுங்க. ஈரம் இருந்தாத்தான் இழை வளையும். இல்லாட்டி படக்கு படக்குன்னு போயிரும். சன்னலத் தொறந்துதான் ஆகோணும்னா சொல்லுங்க, தறிய மூடிப்போட்டு நானும் உங்க கூடப் பையைத் தூக்கிக்கிட்டு வாரேன்."

பயிற்சியில் ஈரத்தை விரட்டச் சொல்லியிருந்தார்களே தவிர, ஈரத்தைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் வீடு ஒன்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சன்னலை மூடினேன். கூடத்தில் ஈரம் இருக்கட்டும், அது சுவரைத் தாண்டாமல் இருந்தால் போதும். யோசித்துப் பார்த்ததில் ஒரு லாபமும் தெரிந்தது. மேற்கு அறைக் கொடியில் இருந்த நனைந்த துணிகளைக் கூடத்துக்கு மாற்றினேன். தறிக்கு மேலே அக்காவின் சேலை தொங்க, அண்ணன் அதன் கீழே உட்கார்ந்து நெய்தார். "இன்னும் ரெண்டு நனைச்சுப் போடுங்க, இழை நல்லா ஓடுது," என்றார்.

அப்போதுதான் கிணற்றடிப் பேச்சு நடந்தது.

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். சுவர் நீரில் ஊறி இருப்பதை எங்கள் பக்கம் ஓதம் என்போம். புத்தகத்திலும் ஓதம் என்றே இருந்தது. ஜலகண்டாபுரத்தில் அதை ஈரம் என்பார்கள், கசிவு என்பார்கள். ஓதம் என்றால் அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு பொருள்தான்: ஆண்களுக்குக் கீழே வருகிற வீக்கம். வைத்தியரைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொல்கிற சமாசாரம். இது எனக்குத் தெரியாது.

காலையில் நாலைந்து பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் சுவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்ல மறந்தது நினைவு வந்து, அங்கேயே சொன்னேன்.

"அக்கா, நல்லாப் பார்த்துட்டேன். ஓதம் முழுக்க அண்ணன் பக்கத்திலேயிருந்துதான் வருது. பொழுதுக்கும் உட்கார்ந்தே வேலை செய்யறாரில்லையா, கீழே ஊறி ஊறிச் சேர்ந்திருக்கு."

கயிறு நின்றது. மற்ற மூன்று குடங்களும் நின்றன.

"மெதுவாப் பேசுங்க அம்மிணி," என்றாள் அக்கா. "நீங்க எப்பங்க பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. கை வெச்சே பார்த்தேன், சில்லுன்னு இருக்கு. இப்பவே கவனிக்கலைன்னா மழையில இன்னும் பெருகும்."

அக்கா வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் பாதிக் குடத்தோடு கிளம்பிப் போனார்கள். அவ்வளவு அவசரமாக அந்தக் கிணற்றிலிருந்து யாரும் போய் நான் பார்த்ததில்லை.

"எங்க கை வெச்சீங்க?" என்றாள் அக்கா, மிக மெல்ல.

"சுவத்துலதான். தறிக்குழிக்கு மேல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் இரண்டு இடத்தில் நின்று நின்று சிரித்தாள். எனக்குப் பொருளைச் சொன்னது வாசலுக்கு வந்த பிறகுதான். கூடத்துக்குள் போய் அண்ணனுக்கும் சொன்னாள். நாடா நின்றது.

"எனக்கே தெரியாம எனக்கு வந்திருச்சுங்களா?" என்றார் அவர் குழிக்குள்ளிருந்து.

நான் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். போய் இல்லை இல்லை என்றால் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிடுவார்களாம். இரண்டு நாளில் அடங்கிவிடும். அடங்கியிருக்கும், அண்ணன் அதை ரசிக்கத் தொடங்காமல் இருந்திருந்தால். நூல் கடையில் எல்லோரும் பாயில் உட்காரும்போது அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் அதன்மேல் ஒரு மெத்தைச் சாக்கு. மூன்றாம் நாள் ஒருவர் அவருடைய நூல் மூட்டையைத் தானே சுமந்துவந்து வாசலில் இறக்கினார்.

"ஏனுங், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள் அக்கா.

"யாரும் என்னக் கேக்கலியே. நாக்காலி போடறாங்க, உக்காந்துக்கறேன். கேட்டாச் சொல்றேன்."

யாரும் கேட்கவில்லை. இது கேட்கிற விஷயம் இல்லையே.

நாங்கள் வேலையைப் பார்த்தோம். புழக்கடை மண்மேட்டை அண்ணனே வெட்டி எடுத்தார். சுவரோரமாகச் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பினோம். இறவாரத்துக்குக் கீழே இரண்டு வரிசை ஓடு கூட்டி நீட்டினோம். பொந்தைப் பெரிதாக்கித் தெற்குப் பார்த்த சன்னலாக்கினோம். கூரையில் ஒரு நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சேலத்திலிருந்து வாங்கிவந்த கண்ணாடி ஓடு ஒன்றைப் பதித்தோம். அன்று மத்தியானம் அந்த அறையில் முதல் தடவையாக வெயில் ஒரு முறம் அளவுக்குத் தரையில் வந்து விழுந்தது. அக்கா அதைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

தறிக்குழிதான் பெரிய வேலை. பாவை இறக்கிவிட்டு, குழியின் மேற்குப் பக்கத்து மண்ணைச் செதுக்கி, செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். அதன்மேல் தார். மேட்டூர் சாலை வேலைக்கு வந்த பீப்பாயின் அடியில் தார் மிச்சமிருப்பதாகக் கேள்விப்பட்டு, மேஸ்திரியிடம் கேட்டு ஒரு சட்டியில் வாங்கிவந்தேன். தறியை நிறுத்துவது அண்ணனுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மறுநாள் காலை பாவை இறக்கிவிட்டிருந்தார்.

"தறிக்குழிக்குத் தார் பூசச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க," என்றார் பூசிக்கொண்டே. "நாளைக்குக் கப்பல்ல ஏத்தி வுட்டாலும் மெதக்கும்."

கடைசியாகச் சுவரைச் சுரண்டி, பூசணத்தைச் சாம்பலோடு வழித்து வெளியே கொண்டுபோய் எரித்து, சுண்ணாம்பில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து இரண்டு பூச்சு அடித்தேன். துத்தம் பூசணத்துக்கு விஷம். அடித்த சுவர் வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை, விடியும் முன் இருக்கிற வானத்தின் நிறத்தில் இருந்தது. பகலில் சன்னலைத் திறந்து வைத்துக் கரி அடுப்பு மூட்டி வைத்தோம். நாலு மூலையிலும் காகிதத்தில் ஒரு கை கல் உப்பு வைத்தேன். காற்றில் ஈரம் இருந்தால் உப்பு கசியும், காகிதம் நனையும். முதல் வாரம் நனைந்தது. பிறகு ஓரம் மட்டும். அக்கா காலையில் எழுந்ததும் விளக்கைப் பார்ப்பதற்கு முன் உப்பைப் பார்த்தாள். புரட்டாசி பாதியில் நாலு காகிதமும் மொடமொடவென்று இருந்தன.

ஆனாலும் மழை இன்னும் வரவில்லை. வெயிலில் காய்ந்த சுவரை வைத்து நான் எதுவும் பேசுவதில்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன். இன்னும் ஒரு நல்ல மழை பார்த்துவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றேன். அவள் சரி என்றாள். அதற்கு இடம் வைக்கவில்லை இளம்பிள்ளை.

ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றது. கெட்டிக் கரைச் சேலை கட்டிய, நல்ல உயரமான அம்மாள் ஒருத்தி இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை. நேரே என் அறை வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நர்சம்மா நீங்கதானுங்க? நான் இளம்பிள்ளை. சம்மந்தி."

வணக்கம் சொன்னேன்.

"நீங்கதான் பாத்துச் சொன்னீங்களாமா. நூல்காரன் வந்து சொன்னானுங்க. நாக்காலியிலதான் உக்கார முடியுதாம், மூட்டை தூக்க முடியலையாம்." மூட்டையை என் கையில் வைத்தாள். "கழச்சிக்காயுங்க. பருப்பை எடுத்து அரைச்சு வெளக்கெண்ணெயில பத்துப் போடச் சொல்லுங்க. எங்க ஐயனுக்குக் கேட்டுது. நான் எப்படிங்க சம்மந்தி கிட்ட இதச் சொல்றது, நீங்கதான் சொல்லோணும்."

நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் மெதுவாக இறங்கினாள். ஏழு மாத வயிறு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாசலில் என்னைத் தாண்டி நேரே கூடத்துக்குப் போனாள். உள்ளே நாடா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, எந்திரிக்காதீங்க," என்றாள்.

"நான் எதுக்குச் சாமி எந்திரிக்கறது? நீ எங்க இங்க?"

"ஒடம்பு முடியாம எதுக்கு நெய்யறீங்க?"

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் மகளைப் பார்த்து அப்படியே நின்றாள். மகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். அவிழ்ந்த முனையில் கழற்சிக்காய் ஒன்று எட்டிப் பார்த்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சொல்ல வேண்டியவள் நான்தான். ஆத்தூரில் ஓதம் என்றால் என்ன, இங்கே என்ன, சுவரில் கை வைத்தது யார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அண்ணன் நாற்காலியை மறுக்காமல் இருந்ததையும் சேர்த்தேன். சம்பந்தியம்மாள் முகத்தில் ஒன்றும் அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்து, "அப்ப அது செவுத்துக்கா?" என்றாள்.

"சுவருக்குத்தான்."

"செவுத்துக்குப் பத்துப் போடவா நான் பத்துக் கல்லு வண்டியில குலுங்கிக்கிட்டு வந்தேன்?"

முதலில் சிரித்தது அந்தப் பெண். அழுத கண்ணோடு சிரித்தாள். பிறகு அண்ணன் குழிக்குள்ளிருந்து, பிறகு சம்பந்தியம்மாளே தூணைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்பனுக்கு ஒடம்பு முடியலைன்னா புள்ளையக் கூட்டியாந்து காட்டாம இருக்கப்படாதுன்னுதான் வந்தேன். அவீங்க நல்லாத்தான் இருக்கறாங்க. சந்தோசம். அப்ப நாங்க பொழுதோட கெளம்பறோம்."

அக்கா மகளின் கையைப் பிடித்திருந்தாள். விடவில்லை, இறுக்கவும் இல்லை. கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"வந்தது வந்தீங்க, அந்த அறையை ஒருக்காப் பாத்துட்டுப் போங்க சம்மந்தி," என்றாள்.

சம்பந்தியம்மாள் பார்த்தாள். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி மோந்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து, கையைத் திருப்பிப் பார்த்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். மூலையில் உப்பைக் கண்டதும் நின்றாள்.

"நாலு மூலைக்கும் உப்பு வெச்சிருக்கறீங்களே, ஆருக்குக் கண்ணு கழிக்கறீங்க? எனக்குங்களா?"

"ஐயோ இல்லீங்க," என்றாள் அக்கா. நான் உப்பின் கணக்கைச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டிக் குலுக்கல் இடுப்பைப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "தரை எப்படி இருக்குதுன்னு படுத்தாத்தான் தெரியும்," என்று முந்தானையை விரித்து ஒருக்களித்துச் சாய்ந்தாள். கண்ணாடி ஓடு வழியாக வந்த மங்கலான வெளிச்சத்தில் நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அந்த வீட்டில் அப்படி ஒரு மௌனம் நான் பார்த்ததில்லை. அண்ணன் நாடாவை வைத்துவிட்டார். வண்டிக்காரரை அடுத்த தெருவுக்கு அனுப்பினோம், மாட்டுச் சலங்கை கேட்கக் கூடாது என்று. அக்காவும் மகளும் அடுப்படியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று பொழுதுக்குள் முடிந்துவிடலாம் என்பதால் எல்லாவற்றையும் பேசிவிடுகிற அவசரம் அதில் இருந்தது.

பிறகு மழை பிடித்தது. தூறல் இல்லை, எடுத்தவுடன் கனத்த மழை. வருடத்தின் முதல் நல்ல மழை. அது ஓட்டின்மேல் விழுகிற சத்தம் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். நீட்டிய ஓட்டிலிருந்து தண்ணீர் சுவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து, வாய்க்காலில் சேறாகச் சுழித்துத் தென்னைப் பக்கம் ஓடியது. சாரல் மட்டும் சுவரில் சில புள்ளிகள் இட்டிருந்தது. உள்ளே ஊறுமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. உள்ளே ஒருத்தி தூங்குகிறாள். எழுப்பாமல் யாரும் போய்ப் பார்க்கவும் முடியாது.

வெகு நேரம் பெய்தது. வெறித்துக்கொண்டு வரும்போது அறையில் வளையல் சத்தம் கேட்டது. அக்காவும் மகளும் நானும் அறை வாசற்படியில் போய் நின்றோம். சம்பந்தியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தத்தைக் கேட்டாள். கையை நீட்டி மேற்குச் சுவரின் அடியில் வைத்தாள். அங்கேயிருந்து மேலே, இடுப்பு உயரம்வரை தடவிக்கொண்டே போனாள். பிறகு தறிப்பக்கத்துச் சுவர். படுத்திருந்த இடத்துத் தரையையும் சேலையின் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவை வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள்.

"எத்தனை நேரமாப் பெய்யுது?"

"நீங்க கண்ணசந்த கொஞ்ச நேரத்துலயே புடிச்சுக்கிச்சுங்க," என்றாள் அக்கா.

"எங்க ஊட்ல இந்த மழைக்குக் கூடத்துல ரெண்டு எடத்துல சட்டி வெச்சிருப்பாங்க," என்றாள் சம்பந்தியம்மாள். யோசித்தாள். "நர்சம்மா, கார்த்திகை முச்சூடும் இப்படியே இருக்குமுங்களா?"

"வாய்க்காலில் குப்பை அடையாமல் பார்த்துக்கணும். சன்னலை மழை நிற்கும்போதெல்லாம் திறக்கணும். நனைந்த துணி இந்த அறைக்குள்ள வரக் கூடாது," என்றேன். "மெழுகவும் கூடாது."

கடைசியைச் சொல்லும்போது அக்காவைப் பார்த்தேன்.

"மெழுகலீங்க," என்றாள் அக்கா.

"அது சரி, கட்டுச்சோறு கொண்டாந்து அழைக்காம நான் எப்படிப் புள்ளைய வுட்டுட்டுப் போறது? ஊர்ல நாலு பேரு கேப்பாங்க," என்றாள் சம்பந்தியம்மாள். அக்காவின் முகம் சுருங்கியது. மழையில், ஒரு மத்தியானத்தில், அத்தனை வகைச் சோற்றுக்கு எங்கே போவது? அரிசி இருந்தது, புளி இருந்தது, மற்றதெல்லாம் சந்தைக்குப் போக வேண்டும்.

சம்பந்தியம்மாள் அதை ரசித்தாள் என்றே நினைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துத்தான் மருமகளைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி, வண்டியில வைக்கோலுக்கு அடியில தூக்குப்போசி ரெண்டு இருக்குது, எடுத்துட்டு வரச் சொல்லு. வழிக்குன்னு புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டியாந்தேன். ஒரு வாயும் உங்கல." அக்காவைப் பார்த்தாள். "கட்டுச்சோறுன்னா கட்டின சோறுதானுங்களே. ஆரு கட்டினா என்ன? நான் இளம்பிள்ளையில போயி, அவீங்க போட்டாங்க, நாங்க உண்டோம்னு சொல்லிக்கறேன்."

மேற்கு அறையிலேயே இலை போட்டாள் அக்கா. சம்பந்தி கட்டிவந்த சோற்றைச் சம்பந்திக்கே பரிமாறினாள், தான் விடிய விடிய எழுந்து ஆக்கியதுபோல "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, போட்டுக்கங்க" என்று உபசரித்துக்கொண்டு. அண்ணனைக் கூப்பிட்டபோது சம்பந்தியம்மாள் தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "சம்மந்திக்கு நாக்காலி வேணுமான்னு கேளுங்க," என்றாள்.

"பாயே போதுமுங்க," என்றார் அவர்.

மழை விட்டதும் வண்டி வந்தது. சம்பந்தியம்மாள் தனியாக ஏறினாள். மருமகளின் துணிமணி வேறு ஆள் மூலம் வரும் என்றாள், பிறந்தால் அன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும் என்றாள். வண்டி திரும்பும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே வந்தபோது அந்தப் பெண் சாப்பிட்ட இலையைக்கூட எடுக்காமல், சுவரோடு முதுகை ஒட்டிச் சாய்ந்து கால் நீட்டித் தூங்கிப்போயிருந்தாள். அக்கா சத்தமில்லாமல் இலையை எடுத்தாள். பிறகு மகளின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள். வெளியே எடுத்த கையை என்னிடம் காட்டினாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.